புதுமனையும் மின்னடுப்பும்

வீடு கட்டுவோன் தன் வாழ்நாளுக்கு மட்டுமன்றித் தன் மக்கள் வாழ்நாளுக்கும் சேர்த்தே கட்டுகின்றான். ஆயினும் அவ்வீட்டின் அடுக்களையில் எவ்வடுப்பு எரிய வேண்டும் என்பதை அவன் எண்ணித் துணிவதில்லை. சுவர் பூசுமுன் மின்பணியாளர் எத்துணைப் பருமனுள்ள கம்பியை இழுத்தார், சமையல் மேடைக்கு மேல் எத்தனை செருகிகளை வைத்தார், மேடைக்கு அடியில் எரிவளி உருளைக்கு இடம் விடப்பட்டதா என்பனவே அவனுக்காக அத்துணிவைச் செய்துவிடுகின்றன. அதன்பின் ஐம்பதாண்டுக் காலம் அவ்வீடு அவ்வடுப்புக்கே அடிமை.

தேனி, பெரியகுளம், போடி, சின்னமனூர், கம்பம், கூடலூர் என நம் மாவட்டத்தில் நகராட்சிகள் ஆறு. இவ்வாறு நகரங்களைச் சுற்றியும் நஞ்சையும் புஞ்சையும் மனைகளாகப் பிரிந்து, கல் நட்டுக் கொடி கட்டி விலைபோகின்றன. நாள்தோறும் எங்கோ ஓர் அடிக்கல் நாட்டப்படுகின்றது. இப்புதுக் கட்டடங்கள் அடுப்பு முதல் வெந்நீர்க் கலம் வரை மின்னாற்றலாலேயே இயங்குமாறு விதி வகுக்கலாமா என்பதே இன்று நாம் எண்ண வேண்டிய வினா. வகுக்கலாம், வகுக்கவும் வேண்டும் என்பது எம் கருத்து. ஆனால் அவ்விதி எரிபொருளைத் தடை செய்வதாக அமையாமல் கட்டடத்தை ஒழுங்குபடுத்துவதாக அமைதல் வேண்டும். ஏழை வீட்டின் கட்டணத்திற்குக் காப்பும் அதனோடு வருதல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத விதி ஏட்டுச் சுரைக்காயே.

முதற்கண், நம் அடுக்களையை இன்று ஆள்வது யார் என்று பார்ப்போம். இந்திய நாடு எரிக்கும் சமையல் எரிவளியில் பாதிக்கு மேல் கடல் கடந்து வருவது. பெரும்பாலும் வளைகுடா நாடுகளிலிருந்து வருவது. அங்கே போர்மேகம் சூழ்ந்தால் இங்கே உருளையின் விலை ஏறும். அவ்விலையை வரையறுப்பவை நடுவணரசின் எண்ணெய்க் குழுமங்கள். கம்பத்துத் தாய் ஒருத்தி உலை வைக்கும் செலவைக் கம்பமும் தீர்மானிப்பதில்லை, சென்னையும் தீர்மானிப்பதில்லை. இவ்வுண்மையைச் சொல்லும்போது எரிவளி செய்த நன்மையை மறைத்தல் அறமன்று. 2006-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் தமிழக அரசு விலையின்றி வழங்கிய எரிவளி அடுப்புகளும், 2016-இல் நடுவணரசு தொடங்கிய இணைப்புத் திட்டமும் எண்ணற்ற பெண்களின் கண்களைப் புகையினின்று மீட்டன. விறகினின்று எரிவளிக்கு வந்தது ஒரு படி. ஒரு படியில் ஏறியவன் அதிலேயே அமர்ந்துவிட்டால் மேல்மாடி காண்பதில்லை.

இனி, நம் பள்ளத்தாக்கில் விளைவது யாது என்று பார்ப்போம். 1895-இல் பென்னிகுவிக்கு கட்டி முடித்த முல்லைப் பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்து வருகின்றது. கூடலூரை அடுத்து, மக்கள் நாவில் லோயர் கேம்பு என வழங்கும் இடத்தில், அந்நீர் 1958 முதல் மின்னாற்றலை ஈன்று வருகின்றது. அம்மின்நிலையத்தின் தொடக்கத் திறன் 140 மெகாவாட்டு. சுருளியாற்று நீர் 1978 முதல் 35 மெகாவாட்டுத் திறனுள்ள மற்றொரு நிலையத்தை இயக்குகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று புகுந்து, ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கங்களில் காற்றாலைகளைச் சுழற்றுகின்றது. நீரும் காற்றும் நம்முடையவை. வெயிலுக்கோ பஞ்சமே இல்லை. இம்மூன்றையும் எந்த வளைகுடா மன்னனும் விலையேற்ற முடியாது. தன் தோட்டத்தில் காய் கனிந்து உதிர, அயலூர்ச் சந்தைக்குக் கூடை தூக்குவானைப் போல் நாம் எத்தனை நாள் நிற்பது?

இவ்வெண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்கிலி என்னும் நகரம் 2019-இல் புதுக்கட்டடங்களுக்கு எரிவளிக் குழாய் இடுவதையே தடை செய்தது. அந்நாட்டில் அவ்வாறு செய்த முதல் நகரம் அதுவே. உணவகத்தார் சங்கம் வழக்கிட்டது. 1975-ஆம் ஆண்டின் நடுவண் ஆற்றல் சட்டத்திற்கு அத்தடை முரண் என்று 2023-இல் மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்புரைத்தது. நகரம் 2024-இல் தன் தடையைக் கைவிட நேர்ந்தது. நியூயார்க்கு நகரமோ வேறு வழியில் சென்றது. எரிவளி என்னும் பெயரைச் சொல்லித் தடுக்காமல், புதுக்கட்டடத்துள் எரிக்கப்படும் எப்பொருளும் இன்ன அளவுக்கு மேல் கரிவளியை உமிழலாகாது என்று 2021-இல் சட்டம் செய்தது. ஏழு மாடிக்குக் குறைந்த புதுக்கட்டடங்களுக்கு 2024 முதலும், உயர்ந்தவற்றுக்கு 2027 முதலும் என்று காலப்படி வகுத்தது. மருத்துவமனை, உணவகச் சமையற்கூடம் முதலியவற்றுக்கு விலக்கும் அளித்தது. முன்னது ஆர்வம், பின்னது ஆர்வத்தோடு கூடிய அறிவு.

இவ்வேறுபாடு நமக்குத் தொலைவிலுள்ள கதையன்று. குசராத்து மாநிலம் 2001-இல் எரிவளி வழங்கலை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இயற்றியது. இயற்கை எரிவளி நடுவண் பட்டியலுக்கு உரியது. அதன்மேல் சட்டம் செய்ய மாநிலத்திற்கு அதிகாரம் இல்லை என்று 2004-இல் இந்திய உச்ச வழக்குமன்றம் கூறிவிட்டது. குழாய்வழி எரிவளி எந்த மாவட்டத்தில் எவர் கையில் என்பதை வரையறுப்பதும் தில்லியில் அமர்ந்துள்ள ஒழுங்குமுறை வாரியமே. மாநிலத்திற்கு இவ்வதிகாரம் இல்லாமை முறையன்று என்பதில் எமக்கு ஐயமில்லை. அதற்கான போராட்டம் வேறு. அது வெல்லும்வரை கைகட்டி இருப்பதா? வேண்டா. மின்னாற்றல் பொதுப்பட்டியலில் உள்ளது. உள்ளாட்சியும் நிலமும் மாநிலப் பட்டியலில் உள்ளன. கட்டட இசைவு வழங்கும் கை நம் கை. எரிவளியைத் தொட்டால் தில்லி குறுக்கே வரும்; கட்டடத்தைத் தொட்டால் வர இடமில்லை. ஆகவே நம் விதி கட்டடத்தையே நோக்கிப் பேச வேண்டும்.

அவ்வாறு பேசிய முன்மாதிரியும் நம்மிடம் உண்டு. 2003-இல் தமிழக அரசு மழைநீர்ச் சேமிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. எள்ளி நகைத்தோர் பலர். ஆயினும் ஓராண்டுக்குள் ஊர்தோறும் கூரைநீர் குழாய்வழி இறங்கத் தொடங்கியது. இந்தியா முழுமையும் திரும்பிப் பார்த்தது. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலும் மழைநீருக்கும் கதிரவ ஆற்றலுக்கும் இடம் உண்டு. அதே ஏட்டில் அடுப்புக்கும் ஒரு பக்கம் சேர்த்தால் போதும். ஆனால் அம்முயற்சியின் குறையையும் மறத்தலாகாது. மேற்பார்வை தளர்ந்த பின் பல வீடுகளில் மழைநீர்க் குழி பெயருக்குக் கிடக்கின்றது. குழாய் சாக்கடையில் முடிகின்றது. விதி செய்வது ஒரு நாள் வேலை. காப்பது ஓயாத வேலை.

இனி, செய்ய வேண்டுவன யாவை?

முதலாவது, அரசு தன் வீட்டிலிருந்து தொடங்குக. இனிக் கட்டும் பள்ளிச் சத்துணவுக் கூடம், மாணவர் விடுதி, அரசு ஊழியர் குடியிருப்பு, நகராட்சி அலுவலகம் ஆகியவை முழு மின்கட்டடங்களாக எழுதல் வேண்டும். தான் செய்யாததை மக்கள்மேல் ஏற்றும் அரசை எவரும் மதியார்.

இரண்டாவது, இனி இசைவு பெறும் ஒவ்வொரு வீடும் மின்னடுப்புக்கு அணியமாக இருத்தல் வேண்டும். அஃதாவது, சமையல் மேடைக்கெனத் தனிக் கம்பித்தடம், 16 ஆம்பியர் செருகிகள், அத்தடத்திற்கெனத் தனி முறிப்பான் ஆகியவை இருத்தல் வேண்டும். எரிவளி வைத்துக்கொள்வதும் விடுவதும் வீட்டார் விருப்பம். சுவர் பூசுமுன் இதற்காகும் செலவு மிகச் சிறிது. பூசிய பின் உடைத்துச் செய்தால் செலவும் மிகுதி, தொல்லையும் மிகுதி. இவ்விதி எவரையும் வருத்தாது. நாளைய வழியை அடைக்காமல் வைக்கும்.

மூன்றாவது, பல வீடுகள் அடங்கிய அடுக்ககங்களும் பெரிய மனைப்பிரிவுகளும், குறித்த ஆண்டு முதல் முழு மின்கட்டடங்களாகவே அமைதல் வேண்டும். அங்கே மும்முனை இணைப்பையும் மின்மாற்றியையும் தொடக்கத்திலேயே திட்டமிடலாம். நகராட்சிக் கட்டணத்தில் தள்ளுபடி தந்து ஊக்குவிக்கவும் செய்யலாம்.

நான்காவது, இவ்விதிகளெல்லாம் படத்தோடு கூடிய எளிய தமிழில் அச்சாகிக் கொத்தனார் கையிலும் மின்பணியாளர் கையிலும் சேர்தல் வேண்டும். வீட்டைக் கட்டுவோர் அவர்கள். அவர்களுக்கு விளங்காத மொழியில் எழுதிய விதி கோப்பில் வாழும், சுவரில் வாழாது.

இனி, எல்லாவற்றினும் பெரிதான கட்டணச் சிக்கலுக்கு வருவோம். 14.2 கிலோ எடையுள்ள ஓர் உருளை செய்யும் சமையலை மின்தூண்டல் அடுப்பில் செய்ய ஏறத்தாழ 90 முதல் 130 அலகு வரை மின்னாற்றல் ஆகும். எரிவளியின் வெப்பத்தில் பாதியளவு பாத்திரத்தைச் சேராமல் வெளியே போய்விடும். மின்தூண்டல் அடுப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் பாத்திரத்தையே சேரும். இக்கணக்கில் மின்னடுப்பே சிக்கனமானது. ஆனால் நம் கட்டணப் படிநிலை அச்சிக்கனத்தை விழுங்கிவிடுகின்றது. இருமாதத்திற்கு 100 அலகு விலையின்றித் தரும் ஆணை 2016-இல் வந்தது. 2022-இல் திருத்திய கட்டணத்தைப் பாருங்கள். 500 அலகுக்குள் நின்ற வீட்டிற்கு இரண்டாவது நூறு அலகின் விலை, அலகொன்றுக்கு 2 உருபா 25 காசு. 500-ஐத் தாண்டிய வீட்டிற்கோ அதே இரண்டாவது நூறு, அலகொன்றுக்கு 4 உருபா 50 காசு. இருமாதத்தில் 320 அலகு செலவிடும் ஒரு நடுத்தரக் குடும்பம், திங்களுக்கு ஓர் உருளையை விட்டு மின்னடுப்புக்கு மாறினால் ஏறத்தாழ 200 அலகு கூடும், வரம்பைத் தாண்டும். கூடிய அலகுக்கு மட்டுமன்றிப் பழைய அலகுக்கும் அது தண்டம் கட்டும். இஃது என்ன முறை? மாறுக என்று ஒரு கையால் அழைத்து, மாறியவனை மறுகையால் அறைவதா? முழு மின்வீடுகளுக்கு இவ்வரம்பை உயர்த்துக. அல்லது சமையலுக்கெனத் தனி அளவியும் தனிக் கட்டணமும் தருக. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இதைச் செய்த பின்னரே கட்டாயம் பேசப்படல் வேண்டும்.

மறுப்போர் கூறுவனவற்றையும் கேட்போம். "மின்தடை வந்தால் உலை அணையுமே" என்பர். மெய்யே. ஆடிக்காற்றில் மரம் விழுந்து கம்பி அறுவது நாம் அறியாததன்று. அதனாலன்றோ முதற்படியில் எரிவளியை விலக்காமல் அணியம் மட்டும் கேட்கின்றோம். மின்பகிர்மானக் கழகம் கம்பியையும் மின்மாற்றியையும் வலுப்படுத்திக் காட்டட்டும். அடுத்த படி பிறகு. "மின்னாற்றலிலும் பெரும்பங்கு நிலக்கரியில் வருவதுதானே" என்பர். அதுவும் மெய்யே. காற்று ஆடி, ஆவணியோடு தணியும்; அணைநீரும் ஆண்டு முழுதும் ஒரே அளவில் வாராது. ஆனால் நிலக்கரி உலையை ஓரிடத்தில் மாற்றினால் ஓரிலக்கம் அடுக்களைகள் ஒருங்கே மாறும். எரிவளி அடுப்பையோ வீடு வீடாகத்தான் மாற்ற வேண்டும்.

"மின்னடுப்பில் பால் காய்ச்சிப் புதுமனை புகுவதா? மரபு என்னாவது?" என்பாரும் உளர். அம்மியும் ஆட்டுக்கல்லும் மின்னரவைக்கு இடம் விட்டபோது தமிழன் தமிழனாகவே இருந்தான். மின்தூண்டல் அடுப்பில் மண்சட்டியும் அலுமினியக் கலமும் சூடேறா. இரும்புத் தோசைக்கல் நன்றாகச் சூடேறும். மண்சட்டிக் குழம்பை விடமாட்டாதார்க்கு எக்கலத்தையும் ஏற்கும் சுருள் அடுப்பு உண்டு. பால் பொங்குவது கலத்தில். அதைப் பொங்கச் செய்வது பெரியாற்று நீராயின் அதனினும் மங்கலம் வேறென்ன?

தேநீர்க் கடைக்காரரையும் சிற்றுண்டிக் கடைக்காரரையும் இவ்விதி தீண்டலாகாது. அவர்கள் பிழைப்பு நாள்கூலிப் பிழைப்பு. மலையடிவாரத்தில் இன்றும் சுள்ளி பொறுக்கி உலை வைக்கும் குடிசைக்கும் இவ்விதி பொருந்தாது. அக்குடிசைக்கு வேண்டுவது விதியன்று, உதவி.

தமிழ்மக்களே! இதற்குச் சட்டமன்றம் கூடும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஆறு நகராட்சிகளும் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கு விடுக்கலாம். தம் புதுக்கட்டடங்களில் இன்றே செய்து காட்டலாம். வீடு கட்டும் நீங்களும் உங்கள் மின்பணியாளரிடம் ஒரு சொல் சொல்லலாம்: "சமையல் மேடைக்குத் தனிக் கம்பி இழும் ஐயா" என்று. நம் மலைநீரும் மலைக்காற்றும் நம் உலையை ஏற்றும் நாள், சுவர் பூசுமுன் சொல்லப்படும் அச்சொல்லிலேயே தொடங்குகின்றது.