காசு கொடுத்தும் கிடைக்காதது

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய அபிப்பிராயம். ஊர் ஊராகத் திரிந்த பாணருக்கு அவ்விடத்துப் பரதவர் தேறலும் சுட்ட மீனும் அளித்து உபசரிப்பதை அந்நூல் வர்ணிக்கிறது. அவர்களிடம் எவரும் காசு கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய சீட்டைக் கையிலே வைத்திருந்த நரிக்குறவர் குடும்பம் ஒன்றையோ, சென்னை ரோகிணி திரையரங்கின் ஊழியர்கள் 2023 மார்ச் 30 அன்று வாயிலிலேயே தடுத்து நிறுத்தினார்கள். யு/ஏ சான்றிதழ் பெற்ற படமாதலால் 12 வயது நிரம்பாத குழந்தைகளை அனுமதிக்கவில்லை என்பது நிர்வாகம் பிற்பாடு சொன்ன சமாதானம். பெற்றோர் துணையோடு குழந்தைகள் பார்க்கலாம் என்பதே அச்சான்றிதழின் தாத்பரியம் என்று திரையரங்கு நடத்துவோருக்குத் தெரியாதா, என்ன?

அவமதிப்பவர் தம் பெயரால் அவமதிப்பதில்லை. எப்போதும் ஒரு விதியை இரவல் வாங்கிக்கொள்கிறார். சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாகுளத்தில் 2022 செப்டம்பரில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிச் சிறுவர்களைத் திருப்பியனுப்பிய கடைக்காரர் காட்டிய காரணம் ஊர்க் கட்டுப்பாடு. தேநீர்க் கடையில் அக்காரணம் சுகாதாரம். இரட்டைக் குவளை வைத்தால் வழக்கு வரும் என்றானபின், சிலருக்குக் கண்ணாடித் தம்ளரும் சிலருக்குக் காகிதக் கோப்பையுமாக அவ்வழக்கம் வேஷம் மாற்றிக்கொண்டது. கேட்டால், “பேப்பர் கப்புதாங்க சுத்தம்” என்பார்கள். எல்லோருக்கும் கொடுத்தாலல்லவா அது சுத்தம்!

2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் தலித் மக்களின் குடிசைகள் எரிந்தபோது அது தேசமெங்கும் செய்தியாயிற்று, வழக்குகளும் பதிவாயின. ஆனால் விடியுமுன் உப்பளத்தில் இறங்கி, ஏறுவெயில் வரையில் பாத்தியில் உப்பு வாரிக் கரைசேர்த்துவிட்டு, வெடித்த பாதங்களோடு சாலைக்கு ஏறி வருகிற ஒரு தொழிலாளி, பக்கத்தில் நிற்பவர் கையில் தம்ளரும் தம் கையில் காகிதக் கோப்பையும் இருக்கக் கண்டால், எந்தக் காவல் நிலையத்தில் என்னவென்று எழுதிக் கொடுப்பார்? வசைமொழி எதுவும் பேசப்படவில்லை. தேநீரும் ஒரே கொதிகலத்துத் தேநீர்தான். நாளைக்கும் அதே கடைக்குத்தான் வந்தாக வேண்டும். இவ்வூர்க் கடைகளெல்லாம் அப்படி என்று பழி கூறுவது என் நோக்கமன்று. நல்ல மனிதர் நடத்தும் கடைகள் அநேகம் உண்டு. எனினும், ஒருவருடைய சுயமரியாதை நல்ல கடைக்காரர் வாய்க்கும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருத்தலாகாது என்றுதானே சட்டம் ஏற்பட்டது?

அச்சட்டம் குவளையை மறந்துவிடவும் இல்லை. கடை, உணவகம், கேளிக்கை ஸ்தலம் ஆகியவற்றில் பேதம் பாராட்டலாகாதென்பது அரசியல் சாசனத்தின் 15ஆவது விதி. சலவை, சவரம் முதலிய சேவைகளும் அதில் அடங்கும் என்று அம்பேத்கர் 1948இல் அரசியல் நிர்ணய சபையில் விளக்கினார். 1955ஆம் வருஷத்துச் சட்டம், உணவு விடுதியின் பொதுப் பாத்திரத்தை ஒருவருக்குத் தீண்டாமையால் மறுப்பதையே குற்றமாக்கிற்று. பண்டம் தர மறுத்துத் தண்டனை பெற்றவரின் உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரத்தையும் நீதிமன்றத்துக்கு வழங்கிற்று. தண்டனை வரையில் காத்திருப்பானேன்? தேயிலைத் தூளில் சாயம் கலந்திருக்கிறதா என்று சோதிக்க வரும் உணவுப் பாதுகாப்பு அதிகாரி, அடுப்பருகே அடுக்கியிருக்கும் காகிதக் கோப்பைகள் யாருக்கு என்றும் விசாரிக்கலாம். கடை உரிமத்தின் நிபந்தனைகளில் அதற்கென ஒரு வரியைச் சேர்ப்பது அரசுக்குப் பெரிய காரியமன்று.