மூடச் சொல்கிறவர்களுக்கு

ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை மூடப்படப்போகிறது என்ற செய்தி வந்தபோது, நம்மவர்களிலேயே சிலர் "மூடட்டுமே" என்றார்கள். அதைக் காப்பாற்ற 2021-இல் தமிழக அரசு 1.25 கோடி ரூபாய் ஒதுக்கியதும் அவர்களுடைய கோபம் இரட்டிப்பானது. நாலு பேர் படிக்கிற துறைக்கு நம் வரிப்பணமா? எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே? இதே கேள்விகளை இன்று நம் டெல்டா கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகளை நோக்கியும் வீசுகிறார்கள். குடவாசல்காரனாக இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இணையத்தில் கிடைக்கிறது, சரி. யார் ஏற்றி வைத்தது? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைக் கணினியில் தேடிப் பார்க்கும்படி செய்த முன்னோடிகளில் ஒன்று அந்தக் கொலோன் துறை. அதன் உழைப்பை அனுபவித்துக்கொண்டே அதை மூடச் சொல்வது நன்றிகெட்டதனம்.

ஊருக்கு வருவோம். நம் குடவாசல்தான் பழைய குடவாயில், சங்க கால ஊர் என்று மேடைதோறும் முழங்குகிறோம். சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறைப்பட்டுக் கிடந்தது குடவாயிற் கோட்டத்தில் என்பது புறநானூறு 74-ஆம் பாட்டின் அடியில் உள்ள குறிப்பு. நம்மூர்ப் புலவர் குடவாயிற் கீரத்தனாரின் பாட்டும் அந்நூலில் உண்டு. ஏட்டில் கிடந்த அந்த நூலை 1894-இல் அச்சில் ஏற்றியவர் உ.வே.சாமிநாதையர். அப்போது அவர் பார்த்த வேலை, பக்கத்துக் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை.

1880-இல் அந்த வேலையில் சேர்ந்தார். அதே ஆண்டு முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. ஏடு தேடி, பாடபேதம் பார்த்து, விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்து நூலை வெளியிட ஏழு ஆண்டுகள் ஆயின. பிறகு 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1898-இல் மணிமேகலை. எல்லாம் அந்த ஒரு நாற்காலியில் இருந்தபோது வந்தவை. மூன்றாம் ஆண்டிலேயே இந்த மூடச் சொல்கிறவர்கள் போய் "லாபம் எவ்வளவு?" என்று கேட்டிருந்தால் அந்த நாற்காலியைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். கீரத்தனார் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது.

மாணவர் குறைவு என்பது அவர்களுடைய பெரிய ஆயுதம். நேர்மையற்ற ஆயுதமும் அதுதான். பேராசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை ஆண்டுக்கணக்கில் காலியாக வைக்கிறார்கள். சொற்பச் சம்பளத்தில் கௌரவ விரிவுரையாளரை வைத்து ஓட்டுகிறார்கள். பிறகு அவர்களே வந்து சேர்க்கை எண்ணிக்கையைக் காட்டி மூடச் சொல்கிறார்கள். மேட்டூர் திறக்காத ஆண்டில் சோழசூடாமணி ஆறு வறண்டு கிடக்கிறது என்பதற்காக அதைத் தூர்த்து மனை போடுகிற புத்தி இது.

வேலை கிடைக்காதாம். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த்தாளைக் கட்டாயத் தகுதித்தாள் ஆக்கிய மாநிலத்தில் இருந்துகொண்டு இப்படிப் பேசுகிறார்கள். பொறியியல் கல்லூரிக்குக் கட்ட லட்சங்கள் இல்லாத விவசாயக் கூலியின் மகளுக்கு, பஸ் பாஸோடு போய்ப் பட்டம் வாங்கத் திறந்திருக்கும் கதவு அரசு கல்லூரியின் கலைப்பிரிவு. அதை அடைக்கச் சொல்கிறவர்களின் பிள்ளைகள் அந்தப் பஸ்ஸில் ஏறுவதில்லை.

குடவாசல், வலங்கைமான், நன்னிலம் பக்கத்துப் பெற்றோர்களே, பிளஸ் டூ முடித்த பிள்ளை தமிழோ வரலாறோ எடுக்கிறேன் என்றால் தடுக்காதீர்கள். காலியிடங்களை நிரப்பச் சொல்லி உயர்கல்வித் துறைக்கு மனு எழுதுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள்.