பூ இல்லாத நாளின் கூலி

கடந்த விடுமுறையில் நண்பர்கள் ஐந்து பேர் கோப்பேங் அருகிலுள்ள உலு கெரோ காட்டுக்குப் போனோம். ஈப்போவிலேயே வளர்ந்தும் எனக்கு அதுதான் முதல் தடவை. ரபிளேசியா மலரைப் பார்க்க வேண்டும். அதன் உறவுக்கார இனம் ஒன்று நம் பத்து வெள்ளி நோட்டிலேயே இருக்கிறது.

செமாய் பூர்வகுடி வழிகாட்டி ஒருவர் முன்னால் நடந்தார். அட்டைக்கடியோடு ஏறிப் போய் நாங்கள் கண்டது, அழுகிக் கறுத்த ஒரு பூவும், முட்டைக்கோஸ் போல இரண்டு மொட்டுகளும்தான். இறங்கும்போது நண்பன் ஒருவன், "பூவே இல்லையே, பாதிப் பணத்தையாவது திருப்பிக் கேட்போமா?" என்றான். நானும் தலையாட்டினேன். நல்லவேளை, யாருக்கும் கேட்கத் துணிவு வரவில்லை.

வீட்டில் பாட்டியிடம் சொன்னேன். "அந்த ஆளு உங்களோட நடந்தாரா இல்லையா?" என்று மட்டும் கேட்டார். பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டியவர். மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை. அந்தக் கணக்கில் வளர்ந்த குடும்பத்துப் பிள்ளை நான், அதே கணக்கை இன்னொருவர் மேல் போடப் பார்த்திருக்கிறேன்.

ரபிளேசியாவுக்கு இலை, தண்டு, வேர் எதுவும் கிடையாது. திராட்சைக் குடும்பத்துக் காட்டுக்கொடி ஒன்றின் உள்ளே ஒட்டுண்ணியாக வாழ்கிறது. மொட்டு முதிர ஏறக்குறைய 9 மாதம் ஆகும். பல மொட்டுகள் விரியாமலேயே அழுகிவிடும். விரிந்தாலும் ஒரு வாரம்கூட நிற்காது. ஆண் பூவும் பெண் பூவும் வேறுவேறு. இரண்டும் அருகருகே ஒரே சமயத்தில் மலர்ந்து, பிண வாடைக்கு வரும் ஈக்கள் மகரந்தத்தைச் சுமந்தால்தான் விதை. இதற்கு எந்த வழிகாட்டி உத்தரவாதம் தர முடியும்?

உலு கெரோ மக்கள் முன்பு ரபிளேசியா மொட்டுகளையும் ராஜா புரூக் பட்டாம்பூச்சிகளையும் பிடுங்கியும் பிடித்தும் விற்றவர்கள். மலேசிய இயற்கைக் கழகத்தின் துணையோடு வழிகாட்டிகளாக மாறினார்கள். மொட்டை விட்டுவைப்பதால் வருமானம் வரும்வரைதான் அது கொடியில் இருக்கும். நாம் கொடுப்பது பூவைப் பார்ப்பதற்கான டிக்கெட் அல்ல, அதைக் காத்ததற்கான கூலி என்றே நினைக்கிறேன்.

பள்ளி, பல்கலைக்கழகக் கழகங்கள் அங்கே பயணம் ஏற்பாடு செய்தால், பூ இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரிக்கட்டும், தப்பில்லை. இல்லையென்று சொன்னாலும் பயணத்தை ரத்து செய்யாமல் போகட்டும், முழுப் பணத்தையும் கொடுக்கட்டும். அந்த இரண்டு மொட்டுகளையும் பார்க்க நாங்கள் மறுபடியும் போகிறோம். பாட்டியும் வருகிறேன் என்கிறார், மலையடிவாரம் வரைக்கும்.