முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

பழைய பிக்கப் வாங்குபவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முதல் வாரம் என்ன நிறத்தில் பெயிண்ட் அடிக்கலாம் என்று பேசுவார்கள். இரண்டாவது வாரம் ரிம் மாற்றுவார்கள். மூன்றாவது வாரம் வண்டி பானெட்டைத் திறந்துகொண்டு சாலையோரம் நிற்கும்.

என் சித்தப்பா மகன் சில மாதங்களுக்கு முன் டட்சன் 620 ஒன்றை வாங்கினான். 1972 முதல் 1979 வரை வெளிவந்த பிக்கப் அது. வரும் தீபாவளிக்குச் சித்தப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, கோலாலம்பூரிலிருந்து மெந்தகாப்பில் இருக்கும் பூர்வீக வீட்டுக்கு ஓட்டிப்போக வேண்டும் என்பது அவன் ஆசை. வழியில் எஞ்சின் நின்றுபோனால் சிரித்துக்கொள்ளலாம். கெந்திங் செம்பா தாண்டி இறங்கும்போது பிரேக் பிடிக்காவிட்டால்?

அதனால்தான் பட்டறைக்கார அங்கிள் ஒரு வரிசை சொன்னார்: "முதல்ல நிற்க வை. அப்புறம் சூடாகாம பாரு. கடைசியா ஓட வை."

இவன் வண்டியில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி எண்ணெயில் குமிழி வந்தால், மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. ஆகவே எண்ணெய், ரப்பர் குழாய்கள், சக்கர சிலிண்டர்களின் ரப்பர் எல்லாமே புதிதாக வேண்டும். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும்.

அடுத்தது சூடு. நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம் என்று பலர் கழற்றிவிடுவார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரத் தாமதமாகும்; பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். பெரும்பாலும் கோளாறு அடைத்துப்போன ரேடியேட்டரிலோ தளர்ந்த பெல்ட்டிலோ இருக்கும். அதைச் சரிசெய்வதுதான் வைத்தியம்.

மூன்றாவது பெட்ரோலும் தீப்பொறியும். பழைய டாங்கியின் துரு கார்புரேட்டரை அடைக்கும். உள்ளே தெரிகிற ஃபில்டர் போட்டால் துரு வருவது கண்ணுக்குத் தெரியும். எஞ்சின் திணறினால் உடனே கார்புரேட்டரைப் பிரிக்காதீர்கள். பிளக், பாயிண்ட், கண்டென்சர் மூன்றையும் முதலில் பாருங்கள். பாயிண்ட் இடைவெளி சுமார் அரை மில்லிமீட்டர்தான். தேயத் தேய அது குறுகும். பேட்டரி மின்னழுத்தம் எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட், ஓடும்போது ஏறக்குறைய 14 இருக்க வேண்டும். இல்லையென்றால் எர்த் ஒயரிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

இதில் ஒரு கட்டுப்பாடு முக்கியம்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். காயில், பிளக், கார்புரேட்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது நோய், எது மருந்து என்று கடைசிவரை தெரியாது. தம்பி ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் தேதி, கிலோமீட்டர், மாற்றிய பொருள் எல்லாம் எழுதிவைக்கிறான்.

பரிசோதனையில் தேறிய சான்று அன்றைய நிலையைத்தான் சொல்லும். நம்பிக்கை கிலோமீட்டர் கணக்கில்தான் சேரும். முதலில் வீட்டைச் சுற்றி, பிறகு 20 கிலோமீட்டர், பிறகு 50. ஒவ்வொரு முறை திரும்பியதும் வண்டிக்கு அடியில் குனிந்து ஒழுகல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெல்ட், பாயிண்ட், கண்டென்சர், ஒரு போத்தல் தண்ணீர் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

போன ஞாயிறு 50 கிலோமீட்டர் முடிந்தது. சித்தப்பாவும் கூடப் போனார். பெயிண்ட் இன்னும் வெளுத்துத்தான் கிடக்கிறது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். இறங்கியதும், "பிரேக் நல்லா பிடிக்குதுடா" என்று மட்டும் சொன்னாராம்.