சுவருக்குக் கதை உண்டு, சுமந்தவனுக்கு?

மாளிகைகள் பேசத் தொடங்கிவிட்டன, தோழர்களே! ஊமையாய் நின்ற தூண்களும், பூட்டிக் கிடந்த கூடங்களும், ஒட்டடை படிந்த ஊஞ்சல்களும் வாய் திறந்துவிட்டன. அறையைக் காட்டி, படுக்கையைக் காட்டி வாடகை வாங்கிய விடுதிக்காரர்கள் இப்போது ஊரின் வரலாற்றைக் காட்டி வாடகை வாங்குகிறார்கள். "வாருங்கள், இந்த மண்ணின் கதையைச் சொல்கிறோம், கேட்டபடியே உறங்குங்கள்" என்று அழைக்கிறார்கள். அறைக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு கதை, கதைக்கு ஒரு விலை!

கதை சொல்வது குற்றமா? அல்ல. பழைய கட்டடத்தை இடித்துக் கல்லையும் மரத்தையும் எடைக்கு விற்பதைவிட, அதைக் காப்பாற்றி நாலு பேருக்கு வேலை கொடுப்பது நல்ல காரியந்தான். தன் ஊரின் வரலாற்றை அறியாதவன், தன் வீட்டு விலாசத்தைத் தொலைத்தவன். ஆகவே, கதை வேண்டாம் என்பதல்ல நமது வாதம். யாருடைய கதை? யார் சொல்லும் கதை? கதை விற்ற காசில், கதைக்கு உரியவனுக்கு என்ன பங்கு? இந்த மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறோம்.

முதலில் செட்டிநாட்டுக்குப் போய்ப் பாருங்கள். காரைக்குடியில் 'பங்களா', கானாடுகாத்தானில் 'விசாலம்' என்று பழைய கட்டடங்கள் விருந்தினர் விடுதிகளாக நிற்கின்றன. 'விசாலம்' ஒரு தந்தை தன் மகளுக்காகக் கட்டிய மாளிகை. மகளின் பெயரையே தாங்கி நிற்கிறது. மகனுக்கு மாளிகை, மகளுக்குச் சீர்வரிசை என்றிருந்த காலத்தில் மகளுக்காக ஒரு மாளிகை! நல்ல கதை, கேட்க வேண்டிய கதை. அந்தச் சீமையின் மாளிகைகளுக்குள் நுழைந்தால் பர்மாத் தேக்கைக் காட்டுவார்கள். இத்தாலியப் பளிங்கைக் காட்டுவார்கள். ஆத்தங்குடிக் கல்லைக் காட்டுவார்கள். முட்டை வெண்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து பூசி, கண்ணாடிபோல் மின்னும் சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்வார்கள்.

பார்க்கட்டும்! ஆனால், அந்தத் தேக்கை வெட்டியவன் யார்? அதைக் காட்டிலிருந்து கரைக்குக் கொண்டுவந்தவன் யார்? அந்தச் சாந்தை அரைத்த கை எந்தக் கை? தேக்கு வாங்கப் பணம் வந்த வழி எது? 1930-களில் உலகப் பெருமந்தம் வந்து நெல் விலை சரிந்தபோது, கடனைக் கட்ட முடியாத பர்மிய உழவரின் நிலம் கைமாறியது. கீழ்ப்பர்மாவின் நெல்வயலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செட்டிநாட்டு லேவாதேவிக்காரர் வசம் வந்து சேர்ந்தது. நிலத்தை இழந்த அந்த உழவனும் அந்தத் தூணுக்குள்ளே இருக்கிறானா, இல்லையா? ஒரு சமூகத்தைப் பழிப்பதற்காக அல்ல இதைச் சொல்வது. அதே சமூகத்தில் பிறந்த வள்ளல் அழகப்பர் தம் செல்வத்தை வாரி வழங்கிக் காரைக்குடியில் கல்லூரிகளை எழுப்பினார், அதையும் நாடறியும். கொடையும் கதைதான், கடனும் கதைதான். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால், அது வரலாறு அல்ல, விளம்பரம்!

கடல் கடந்து இலங்கைக்குப் போவோம். அங்கேயும் இருப்பது நம்மவர் கதைதான். நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளை என்றொரு மலையூர். அங்கே ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலையை எயிட்கன் ஸ்பென்ஸ் கம்பெனி 1996-ல் விடுதியாக மாற்றியது. பழைய எந்திரமும் சக்கரமும் காட்சிப் பொருளாக நிற்கின்றன. கொழுந்து வாட்டிய மாடிகளில் இப்போது மெத்தை விரித்த அறைகள். விருந்தினர் விரும்பினால் தொழிலாளிபோல உடை உடுத்திக் கூடை மாட்டிக்கொண்டு கொழுந்து பறித்தும் பார்க்கலாம்.

பொழுதுபோக்காகச் சிறிது நேரம்! பிழைப்புக்காக வாழ்நாள் முழுதும் பறித்தவள் யார்? தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து பஞ்சமும் பட்டினியும் துரத்த, கங்காணி காட்டிய வழியில் கடல் தாண்டிப் போனவர்களின் பேத்தி அவள். அவள் பறித்த கொழுந்தை உலகமே குடித்தது. அவளுக்கோ, "நீ இந்த நாட்டுக்காரியல்ல" என்று 1948-ல் குடியுரிமைச் சட்டம் சொன்னது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 'ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு' என்று பங்கு பிரித்தார்கள், பட்டியில் ஆடு பிரிப்பதைப் போல! நாட்கூலி 1,000 ரூபாய் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் முழங்கி, 2021-ல்தான் அதைக் காகிதத்தில் கண்டார்கள்.

அவர்கள் குடியிருந்த வரிசை வீட்டுக்கு 'லயம்' என்று பெயர். ஆங்கிலத்து 'லைன்' அவர்கள் வாயில் லயமாயிற்று. இசையரங்கில் லயம் என்றால் தாளத்தின் இனிமை. தோட்டத்திலே லயம் என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குள் ஒரு குடும்பம்! விடுதிக்கு வருகிறவர் எந்திரத்தைத் தொட்டுப் பார்க்கிறார். லயத்தின் கதவைத் தட்டிப் பார்க்க யார் அழைத்துப் போவார்?

லயத்தை அறியாவிட்டாலும் 'லைன் வீட்டை' அறியாத திருப்பூர்த் தோழன் உண்டா? சுவரோடு சுவர் ஒட்டிய அறைகள். பல குடித்தனங்களுக்கு ஒரு குழாய். குழாயடியில் வரிசையாய்க் குடம். அங்கே லயம், இங்கே லைன். சொல் ஒன்று, சோகம் ஒன்று!

ஆம், திருப்பூரைப் பற்றிப் பேசத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தோம். செட்டிநாட்டுக்கும் கந்தப்பளைக்கும் வந்தது திருப்பூருக்கு வராதா? ஆடை வாங்க அயல்நாட்டு வணிகர் வந்துபோகும் ஊர் இது. பழைய பஞ்சு அரவை மில் ஒன்றையோ, ஓடு வேய்ந்த பனியன் கம்பெனி ஒன்றையோ வாங்கி, வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, 'வரலாற்று விடுதி' என்று பலகை மாட்ட எத்தனை நாளாகும்? மாட்டட்டும். மாட்டுவதற்கு முன்னால் நாம் பேசிவிட வேண்டும்.

என்ன கதை சொல்வார்கள்? கொடுமணலைச் சொல்வார்கள். நொய்யல் கரையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பு உருக்கியதையும், மணி கடைந்ததையும், பானை ஓட்டில் தமிழி எழுத்துப் பொறித்ததையும், நூல் நூற்றதையும் அகழாய்வு காட்டியிருக்கிறது. பதிற்றுப்பத்து பாடும் 'கொடுமணம்' இவ்வூரே என்பர் அறிஞர். கொடிகாத்த குமரனைச் சொல்வார்கள். 1934-ல் இதே திருப்பூரில்தான் பெரியாரை அண்ணா முதன்முதலாகச் சந்தித்தார் என்பதையும் சொல்லக்கூடும்.

சொல்லட்டும், மகிழ்ச்சி! ஆனால், கொடுமணலில் உருக்கு வார்த்தவன் அரசனா? மணி கடைந்தவன் அமைச்சனா? இல்லை, தொழிலாளி! 1932 சனவரியில் தடியடிபட்டு வீழ்ந்து, 11-ஆம் நாள் உயிர்நீத்த குமரன் எந்த ஜமீன் வீட்டுப் பிள்ளை? சென்னிமலையில் பிறந்த நெசவாளி வீட்டுப் பிள்ளை! அவன் படத்தை வரவேற்பறையில் மாட்டிவிட்டு, அவன் வர்க்கத்தைச் சமையற்கட்டின் பின்வாசலில் நிறுத்துவதா?

பிறகு 'டாலர் நகரம்' என்ற கதை வரும். ஒற்றை மெஷினோடு தொடங்கி ஓகோவென்று உயர்ந்தவரின் கதை. அதுவும் உண்மைதான். தொழிலாளியாய் உள்ளே நுழைந்து முதலாளியாய் வெளியே வந்தவர்கள் இந்த ஊரில் உண்டு. அவர்கள் உழைப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஒருவர் ஏறிய ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவர்கள் எத்தனை பேர்? பவர் டேபிளில் முதுகு வளைந்தவன், கைமடியாகப் பள்ளிப் பருவத்தைத் தொலைத்தவன், கட்டிங் அறையில் பஞ்சுத் தூசியை விழுங்கியவன், ஒன்றரை ஷிப்டு முடித்து நள்ளிரவில் சைக்கிள் மிதித்தவன் - இவர்கள் பெயர் எந்த அறையின் கதவில் எழுதப்படும்?

1984-ஐ யார் சொல்வார்? பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, நாலு மாதக் கூலியின்றிக் குடும்பத்தை நடத்தியது எப்படி என்று அந்நாளைய தோழர்களின் மனைவிமாரைக் கேட்டால் ஒரு காவியமே கிடைக்குமே!

நொய்யலை யார் சொல்வார்? சாயக் கழிவால் ஆறு நிறம் மாறியது. பாசனத்துக்கென ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டிவிட்டு, அதிலே தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று உழவர்களே கெஞ்சிய கொடுமை நடந்தது. 2011 சனவரி 28-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆறும் செத்து, பிழைப்பும் நின்று, உழவனும் தொழிலாளியும் எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள். இருவருக்கும் எதிரி, கழிவைக் கழுவாமல் விட்ட பேராசை என்பதை எந்தச் சுவர் சொல்லப்போகிறது?

கலியாணத்துக்குப் பணம் என்று ஆசை காட்டி, கொங்கு நாட்டு நூற்பாலை விடுதிகளில் மூன்றாண்டுகள் அடைத்து வைக்கப்பட்ட பெண்பிள்ளைகளின் கதை, 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்கலப் பெயர் சூட்டப்பட்ட அந்த அமங்கலம், எந்தப் பலகையில் இடம்பெறும்? ஒடிசாவிலிருந்தும், பீகாரிலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வந்து தைக்கிறானே ஒருவன், அவன் இந்த ஊர் வரலாற்றில் இல்லையா? நேற்று கந்தப்பளைக்குப் போன தமிழன் எவனோ, இன்று திருப்பூருக்கு வந்த ஒடிசாக்காரன் அவனே! அங்கே நம்மவனுக்கு நியாயம் கேட்கும் வாய், இங்கே அவனுக்கும் கேட்க வேண்டும்.

"ஐயா, களைப்பாற வருகிற விருந்தினரிடம் கண்ணீர்க் கதை சொன்னால் அடுத்த முறை வருவாரா?" என்று கேட்கும் கனவான்கள் உண்டு. அவர்களை ஸ்காட்லாந்தின் நியூ லானர்க் ஊருக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். கிளைடு ஆற்றங்கரையில் 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த பருத்தி ஆலை அது. அநாதைக் குழந்தைகளைக் கூட்டி வந்து வேலை வாங்கிய ஆலை. 1800-ல் நிர்வாகத்தை ஏற்ற இராபர்ட் ஓவன், பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு எடுப்பதை நிறுத்தினார். 1816-ல் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். அந்த ஆலைக் கட்டடம் ஒன்றில் 1998-லிருந்து விடுதி நடக்கிறது. அதே ஊரில் தொழிலாளி வாழ்ந்த வீடும், பிள்ளைகள் படித்த பள்ளியும் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. குழந்தைத் தொழிலாளர் கதையை அங்கே மறைக்கவில்லை. விருந்தினர் ஓடிவிட்டார்களா? இல்லை! 2001-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. உண்மை சொன்னால் ஊர் கெடாது, உயரும்!

எனவே கேட்கிறோம். சுற்றுலாவுக்குத் தொழில் தகுதி தரும் கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2023-ல் வெளியிட்டது. நல்லது. மரபு விடுதி என்ற பெயரில் சலுகை கேட்டு வருகிறவரிடம் அரசு சில கேள்விகளையேனும் கேட்கட்டும். நீ சொல்லும் கதையில் உழைத்தவன் இருக்கிறானா? உன் விடுதியில் அறை துடைப்பவளுக்குச் சட்டப்படியான கூலியும், வருங்கால வைப்பு நிதியும் உண்டா? கதை சொல்ல உள்ளூரில் ஓய்வுபெற்ற தொழிலாளியை அமர்த்தி, கதைக்குரிய கூலியைக் கொடுக்கிறாயா? 'ஆம்' என்றால் சலுகை; 'இல்லை' என்றால் வணக்கம்!

அரசைக் கேட்டால் மட்டும் போதாது, தோழர்களே. நாம் செய்ய வேண்டியதும் உண்டு. பழைய கூலிச் சீட்டு, வருகை அட்டை, வேலைநிறுத்தத் துண்டறிக்கை, ஊர்வலப் புகைப்படம் எல்லாம் நம் வீட்டுப் பரணில் கரையானுக்கு இரையாகின்றன. சங்க அலுவலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்குங்கள். அவற்றைக் கொண்டுவந்து சேருங்கள். 1984-ஐக் கண்ட முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கையில்தான் கைப்பேசி இருக்கிறதே, சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். பெயரை எழுதுங்கள், கம்பெனியை எழுதுங்கள், ஆண்டை எழுதுங்கள். நம் கதையை நாம் எழுதாவிட்டால், விற்கத் தெரிந்தவன் எழுதுவான். விலைக்கு ஏற்றபடி எழுதுவான்!

பனியன் சட்டைக்கு உள்ளே இருப்பது. ஊர் பார்ப்பது சட்டையை. வேர்வையை முதலில் வாங்குவதோ பனியன். உழைப்பாளியின் வரலாறும் அப்படித்தான் உள்ளே மறைந்து கிடக்கிறது. சட்டையின் பெருமையைச் சொல்ல ஆயிரம் விடுதிகள் வரலாம். வேர்வையின் பெருமையைச் சொல்ல நாம்தான் வரவேண்டும். அலமாரிக்கு இடம் பாருங்கள், தோழர்களே. வருகிற ஞாயிற்றுக்கிழமையே பாருங்கள்!