பனிக்கால மலைநடை

திருப்பெரும்புதூரை அடுத்த வல்லம் வடகால் சமநிலத்து ஊர். இன்று அங்கே சிப்காட் தொழிற்பூங்கா எழுந்துள்ளது. இத்தகைய ஊர்களின் ஆலைகளில் உழைக்கும் இளைஞர் சிலர், வார இறுதியில் முதுகுப்பை சுமந்து மலைக்காடு காணச் செல்வர். நல்ல வழக்கமே. ஆயினும், விடுமுறை வாய்த்தபொழுதெல்லாம் மலையேறலாம் என எண்ணுதல் பிழை.

குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது என்பது தொல்காப்பிய மரபு. தேர்வுக்கென மனப்பாடம் செய்து பின் மறந்துவிடும் செய்தி இது. மலையில் நடப்பார்க்கோ பெரிதும் பயன்படுவது. கூதிராகிய ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பொழியும், பாதை வழுக்கும், மண் சரியும். மார்கழியிலும் தையிலும் மழை ஓயும். சோலைக்காட்டு ஓடைகளில் நீர் வற்றாதிருக்கும். ஆதலின், நடைக்கு ஏற்றது முன்பனிக்காலமே.

அக்காலத்தில் நீலகிரியின் பள்ளத்தாக்குகளில் விடியற்போது உறைபனி வெண்மையாய்ப் படியும். கண்ணுக்கு இனிய அப்பனி புல்லுக்குக் கொடிது. பனியில் கருகிய புல், மாசி வெயிலில் சருகாகிவிடும். பின்னர் ஒரு பொறி போதும். சமநிலத்தினும் சரிவில் தீ விரைந்து மேலேறும். கீழே எரியும் தழலின் வெம்மை, மேலுள்ள புல்லை முன்னரே உலர்த்திவிடுதலே அதற்குக் காரணம். மேல்நோக்கி ஓடும் மனிதனுக்கோ மூச்சு இரைக்கும்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், வார இறுதி நடைக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்தோர் காட்டுத்தீயில் சிக்கினர். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் சென்ற அவருள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் இளையோர்.

அவ்வாண்டே அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 மலைவழிகளை வரையறுத்து, முன்பதிவு செய்து வழிகாட்டியுடன் செல்லும் திட்டத்தை வனத்துறை தொடங்கியது. தீக்காலத்தில் அவ்வழிகள் மூடப்படும். இதனைக் கெடுபிடி என முணுமுணுப்போர் உளர். ஓடும் எந்திரத்துள் கையை விடலாகாது என்பது ஆலை விதி. அதனையும் கெடுபிடி என்பாரோ?

வழிகாட்டியருள் பலர் அம்மலைகளிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடியினர். யானைத்தடம் புதிதா பழையதா என்பதை அவர் கண் அறியும், கைப்பேசி அறியாது. அவர் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்றல் வேண்டும். சுமையும் அளவாய் இருத்தல் நன்று. கம்பளி, குடிநீர், கைவிளக்கு, சிறிது உணவு இவை போதும். தீப்பெட்டியை வீட்டிலேயே வைத்துச் செல்லலாம்.