மருந்து நாளும் பஞ்சாங்க நாளும்

நமது சேலம், நாமக்கல் பக்கங்களில் புற்றுநோய் கண்ட ஒருவருக்குக் கீமோதெரபி என்னும் மருந்தேற்றும் சிகிச்சைக்கு டாக்டர் தேதி குறித்துக் கொடுத்தால், பல வீடுகளில் அந்தத் தேதியை எடுத்துக்கொண்டு முதலில் போவது ஜோசியரிடந்தான். அன்று அஷ்டமி, மறுநாள் நவமி, அதற்கடுத்த நாள் நோயாளிக்குச் சந்திராஷ்டமம் என்று அவர் விரல் மடக்க, ஒரு வாரம் பொறுத்துப் போகலாம் என்பதாக வீட்டில் முடிவாகின்றது. அந்த ஒரு வாரமும் புற்று வளராமல் சும்மா இருப்பதாக ஜோசியருக்கு எழுதிக் கொடுத்திருக்கின்றதா என்று கேட்கின்றோம்.

மருந்து நாளைக் குறிப்பது கிரகமல்ல, இரத்தமேயாகும். இம்மருந்து வேகமாய்ப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குவது. அதனால் புற்றோடுகூட, எலும்புக்குள் இரத்தம் ஊறுகின்ற மஜ்ஜையும், மயிர்க்காலும், வாய் குடல்களின் உட்தோலும் அடிபடுகின்றன. இவை தேறி எழவேண்டும். அதற்குள் புற்று தலைதூக்கவும் கூடாது. இதை உத்தேசித்தே பல மருந்துகளுக்கு 14 நாள், 21 நாள் என்று கெடு வைத்திருக்கின்றார்கள். இரத்தம் தேறவில்லையானால் டாக்டரே தள்ளிவைப்பார்.

இனி, "பூர்வ ஜென்ம வினை, அனுபவித்துத்தான் தீரவேண்டும்" என்று நோயாளியின் காதுபடப் பேசுகின்ற பெரிய மனிதர்களுக்கு ஒன்று சொல்லுவோம். சென்னையில் வைத்தியம் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவின் மேற்பார்வையில் ஒரு மருந்து செய்யப்பட்டது. அதை பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி பார்பர் இரத்தப் புற்று கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 குழந்தைகள் சிலகாலமாவது தேறியதாக 1948இல் வெளியிட்டார். இன்றோ சரியான சிகிச்சை கிடைத்தால் அவ்வியாதி கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். வினை மாறிவிட்டதா, மருந்து வந்ததா? நாம் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து கிடைக்கின்றது. 1923இல் தமது உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும் விதி என்று உட்கார்ந்துவிடவில்லை. அவரது முயற்சியால் 1954இல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

நிற்க, மருந்து நாளன்று துணைக்குப் போவது யார்? கணவனுக்கு நோய் என்றால் மனைவி ராசிபுரத்திலிருந்தோ திருச்செங்கோட்டிலிருந்தோ விடியற்கால பஸ்ஸில் கூடவே வந்து, சாயங்காலம்வரை காலடியில் உட்கார்ந்திருக்கின்றாள். மனைவிக்கு நோய் என்றால் ஆண்பிள்ளைகளில் அநேகர் அவளைக் கட்டிலில் விட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகின்றார்கள். இது என்ன யோக்கியதை? காலையில் இரத்தப் பரிசோதனை, பிறகு காத்திருத்தல், வாந்திக்கு முன்கூட்டியே ஊசி, அப்புறம் மணிக்கணக்காய் மருந்து இறங்குதல் என்று பொழுது முழுவதும் ஆள் வேண்டும். ஊசி குத்திய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே நர்சைக் கூப்பிட வேண்டும்; ஏனெனில் சில மருந்துகள் நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும். களைத்து உறங்குகின்றவள் இதைக் கவனிப்பாளா?

வீட்டிலும் கூத்துக்குக் குறைவில்லை. புற்றுநோய் ஒட்டுவாரொட்டியல்ல, ஆனால் தட்டும் டம்ளரும் தனியாக்கப்படுகின்றன. வாந்தியைச் சுத்தம் செய்கின்றவர் முதல் இரண்டு நாள் கையுறை போட்டுக் கை கழுவ வேண்டியது மருந்தின் பொருட்டேயன்றித் தீட்டின் பொருட்டல்ல. மற்றும் பழனியிலும் திருப்பதியிலும் மொட்டையடித்து வருகின்றவர் கடைவீதியில் தாராளமாய் உலாவ, மருந்தினால் முடி உதிர்ந்த பெண்ணோ கல்யாண வீட்டுக்கு வரக்கூடாதாம்! அந்த முடி பெரும்பாலும் சிகிச்சை முடிந்தபின் தானே வளருகின்றது, காணிக்கை தேவையில்லை.

மருந்தேற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருப்பது வழக்கம். அப்போது வீட்டில் இருக்கவேண்டியது மந்திரித்த கயிறல்ல, ஒரு தெர்மாமீட்டர். ஜுரம் 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம் கொடுத்துப் பார்ப்பதோ, விடியட்டும் என்றிருப்பதோ உயிருக்கே மோசமாகும். நடுநிசியானாலும், ராகுகாலமேயானாலும், வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், இன்ன தேதியில் கீமோ ஏற்றியது என்று வாசலிலேயே சொல்லவேண்டும்.